தொண்ணூற்றாறு முறை பாதியாகும் எண்



நம் ஜினாலயங்களில் கோம்மடசாரத்தின் ஜீவகாண்டம் வாசிக்கப்பெறும்போது ஓரிடத்தில் படிப்பவர் குரல் சற்றே தயங்குவதுண்டு. கதி மார்க்கணையில் மனிதர்களின் தொகை கூறப்படும் இடம் அது. பரியாப்த மனிதர், அதாவது உணவு, உடல், பொறி, உயிர்ப்பு, மொழி, மனம் என்னும் ஆறு பரியாப்திகளும் நிரம்பப் பெற்ற மனிதர், இருபத்தொன்பது இலக்கத் தொகையினர் என்று அங்கே சொல்லப்படுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உடனே நிமிர்ந்து பார்க்கின்றனர். உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டிற்று என்று ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது 2022 நவம்பரில். அது பத்து இலக்க எண். பத்து எங்கே, இருபத்தொன்பது எங்கே? "ஆகமம் தவறா?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், பெரியவர்களில் சிலர் அதட்டி அடக்குகின்றனர்; சிலர் புன்னகைத்துப் பக்கத்தைப் புரட்டுகின்றனர். இரண்டும் முறையன்று. வினாவை அடக்கிய வீட்டில் நூலும் நாளடைவில் மூடப்பட்டுவிடும். ஆகவே இம்முறை அந்த எண்ணையே எடுத்துக்கொண்டு, அதன் இயல்பையும் வகையையும், அதனைப் பற்றி நம் ஆசாரியர்கள் தமக்குள் நடத்திய ஆராய்ச்சியையும் காண்போம்.

எண் இதுதான்: 79228162514264337593543950336.

இஃது எவ்வாறு பிறந்தது? இரண்டை இரண்டால் பெருக்கினால் 4. இது முதல் வர்க்கம். நான்கை நான்கால் பெருக்க 16, இரண்டாம் வர்க்கம். அடுத்து 256. அடுத்தது 65,536, அதன் முன்னிற்கும் 65ஐக் கொண்டே அதற்குப் பிராகிருதத்தில் 'பண்ணட்டி' என்று பெயரிட்டனர். ஐந்தாம் வர்க்கம் 4,29,49,67,296. இது 42இல் தொடங்குவதால் 'பாதால்'. ஆறாம் வர்க்கம் 18446744073709551616, இது 'ஏகட்டி'. ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்கினால் நம் எண் கிடைக்கும். ஐந்தாம் வர்க்கத்தைக் கனமாக்கினாலும், அதாவது பாதாலைத் தன்னாலேயே மும்முறை வைத்துப் பெருக்கினாலும், அதே எண்தான் வரும். நம் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் கணிப்பொறியில் 32 துகள்களால் குறிக்கத்தக்க மதிப்புகளின் மொத்த எண்ணிக்கையும் மிகச் சரியாக இந்தப் பாதால்தான் என்பது அவர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். இன்றைய உலக மக்கள்தொகை இரண்டு பாதாலுக்கும் குறைவு.

இத்தகைய எண்ணின் முதன்மையான பண்பை நம் முன்னோர் 'அர்த்தச்சேதம்' என்றனர். ஓர் எண்ணை ஒன்று எஞ்சும்வரை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதே அதன் அர்த்தச்சேதம். எட்டுக்கு மூன்று, பதினாறுக்கு நான்கு. பாதாலுக்கு 32, ஏகட்டிக்கு 64. இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும் என்ற விதியும் தவளை உரையில் உண்டு. 32உம் 64உம் கூட 96. எனவே இவ்வளவு பெரிய எண்ணை எழுதாமலே, 'தொண்ணூற்றாறு முறை பாதியாக்கத்தக்க இராசி' என்று ஒரே தொடரில் சொல்லிவிடலாம். அனுயோகத்துவார சூத்திரம் அவ்வாறே சொல்கிறது. ஐரோப்பாவில் நேப்பியர் மடக்கை வாய்பாட்டை வெளியிட்டது 1614இல். வீரசேனாசாரியர் தவளையை நிறைவு செய்ததோ பொ.ஆ. 816ஐ ஒட்டி. இதை வெறும் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமை பேசிவிட்டு விதியைப் பிள்ளைக்குக் கற்பிக்காமல் விடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கற்பித்தால் பத்து நிமிடங்களில் விளங்கிவிடும்.

எண்ணின் பருமையை உணர ஒரு மலைக்களத்தை நினைத்துக்கொள்வோம். ஆகமங்கள் பெருந்தொகைகளை விளக்கக் கடுகு நிறைந்த குழிகளை உவமை காட்டும். நமக்கு நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் சாமை போதும். அம்மலை நமக்கு அயல்நிலமன்று. கொல்லிக்குரியோராய்ச் சங்கப் பாடல்கள் போற்றும் பொறையர் மரபின் இளவரசன் ஒருவனே, கரூரை அடுத்த புகலூர் ஆறுநாட்டார் மலையில் செங்காயபன் என்னும் சமண முனிவருக்குக் கற்படுக்கை அமைத்துத் தந்தான். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப் பிராமியில் வெட்டிய எழுத்து அதற்குச் சான்று. அந்தக் கொல்லியின் நாடுகளுள் ஒன்றான பைல் நாட்டில், அறுவடைக் களத்தில் ஒருவர் அமர்ந்து ஒரு கிலோ சாமையை எண்ணத் தொடங்குகிறார் என்று கொள்வோம். ஆயிரம் மணி ஏறத்தாழ 2 கிராம் எடை. ஆகவே ஒரு கிலோவில் 5 லட்சம் மணிகள். நொடிக்கு ஒன்றாக, உண்ணாமல் உறங்காமல் எண்ணினாலும் ஆறு நாள் ஆகும். இனி நம் இருபத்தொன்பது இலக்க எண்ணளவு சாமையைக் குவித்தால் எடை எவ்வளவு வரும் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். வானத்துச் சந்திரனைப் போன்ற இரண்டு சந்திரன்களின் எடைக்கும் சற்று மிகுதியாக வருகிறது. களம் கொல்லிமலையில் கொள்ளாது, உலகிலேயே கொள்ளாது.

இத்தனை இலக்கங்களை ஓலையில் எழுதுங்கால் ஒன்று பிறழ்ந்தாலும் எண் கெடும். இதனை உணர்ந்த நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் எண்ணை எழுத்துகளில் ஒளித்துவைத்தார். 10ஆம் நூற்றாண்டில், சிரவணபெளகுளத்துக் கோமடேசுவரரை எழுப்பிய சாமுண்டராயரின் காலத்தில் வாழ்ந்தவர் அவர். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் என்னும் கடபயாதி முறையில் அமைந்த அந்த ஒரு காதையை மனனம் செய்தால் இருபத்தொன்பது இலக்கமும் நாவில் நிற்கும். வலமிருந்து இடமாக இலக்கங்களை அடுக்க வேண்டும். காதையின் முதல் எழுத்து தகரம். அது 6, எண்ணின் கடைசி இலக்கம். இறுதி எழுத்து ஸகரம். அது 7, எண்ணின் தலை இலக்கம். நாம் எழுத்தெழுத்தாக வைத்துப் பார்த்தோம், ஓரிடத்திலும் பிழையில்லை.

தமிழ் நாட்டவராகிய நமக்கு இங்கே ஒரு சிறு இடர் உண்டு. காதையில் 2ஐக் குறிக்கும் ககரமும் 3ஐக் குறிக்கும் ககரமும் ஒலியால் வேறு. நம் நெடுங்கணக்கிலோ இரண்டிற்கும் 'க' ஒன்றே. 6ஐக் குறிக்கும் தகரமும் 9ஐக் குறிக்கும் தகரமும் அவ்வாறே. தமிழ் எழுத்தில் காதையைப் பெயர்த்தெழுதினால் பா நிற்கும், எண் போய்விடும்! நம் பாட்டனார்கள் இத்தகைய நூல்களைக் கிரந்த எழுத்தில் படியெடுத்து வைத்ததன் அருமை இங்கே புலப்படுகிறது. இன்று அவ்வெழுத்தைத் தடையின்றிப் படிப்போர் நம் ஊர்களில் எத்தனை பேர் என்பதை அவரவர் ஊரில் எண்ணிப் பார்க்கலாம். அந்த எண்ணிக்கைக்குக் கடபயாதி தேவைப்படாது.

படியெடுத்தது சரியா என்று சோதிக்க எளிய வழியும் உண்டு. இருபத்தொன்பது இலக்கங்களையும் கூட்டினால் 127. மீண்டும் கூட்டினால் 10. மீண்டும் கூட்டினால் 1. ஒன்றிலிருந்து இரட்டித்துக்கொண்டே போனால் இந்த இலக்கக் கூட்டு 1, 2, 4, 8, 7, 5 என்று ஆறு படிக்கொரு முறை சுழன்று வரும். 96 ஆறின் மடங்காதலால் 1 வந்தே தீரவேண்டும். வந்துவிட்டது. பத்து இலக்கங்களும் இந்த எண்ணில் இடம்பெற்றுள்ளன என்பதையும், அவற்றுள் பூச்சியம் ஒரே ஒரு முறைதான் வருகிறது என்பதையும் பிள்ளைகளே கண்டுகொள்ளட்டும்.

இனி வகைப்பாடு. நேமிசந்திரர் தம் திரிலோகசாரத்தில் எண்களைப் பதினான்கு தாரைகளாக ஓடவிடுகிறார். சர்வ தாரையில் எல்லா எண்களும் ஓடும். சம தாரையில் இரட்டை எண்கள்; விஷம தாரையில் ஒற்றை எண்கள். கிருதி தாரையில் வர்க்க எண்கள், கன தாரையில் கன எண்கள், அவையல்லாதவற்றுக்குத் தனித்தனி எதிர்த் தாரைகள், இவ்வாறு விரியும். கொல்லிமலை நாடுகளும் பதினான்கு, தாரைகளும் பதினான்கு. இது தற்செயலே, எனினும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேறுபாடு நன்கு விளங்கும். பைல் நாட்டுச் சிற்றூர் ஒன்று பைல் நாட்டுக்கே உரியது. அதே ஊர் செங்கரையின் பக்கத்தும் செம்மேட்டின் பக்கத்தும் இருக்க இயலாது. எண்ணோ ஒரே சமயத்தில் பல தாரைகளில் நிற்கும். நம் எண் இரட்டை. ஆகவே சம தாரையில் உண்டு. 48 முறை பாதியாகும் எண்ணொன்றின் வர்க்கம். ஆகவே கிருதி தாரையில் உண்டு. பாதாலின் கனம், ஆகவே கன தாரையிலும் உண்டு. எட்டில் தொடங்கி வர்க்கித்துக்கொண்டே செல்லும் துவிரூப கன தாரையில், எட்டை ஐந்து முறை வர்க்கித்த இடத்தில் நிற்பதும் இதுவே: 8, 64, 4,096 என்று போய், ஐந்தாவது அடியில் இவ்வெண். ஆனால் 4, 16, 256 என்று ஓடும் துவிரூப வர்க்க தாரையில் இதற்கு இடமில்லை. அங்கே ஏகட்டிக்கு அடுத்தது 128 முறை பாதியாகும் ஏழாம் வர்க்கம். ஒரு பொருளை ஒரு நோக்கில் உண்டு என்றும் மற்றொரு நோக்கில் இல்லை என்றும் கூறலாம் என்னும் சியாத்வாதத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறு எங்கே தேடுவது?

மனிதத் தொகையில் முக்கால் பங்கு மகளிர் என்றும் ஜீவகாண்டம் கூறுகிறது. நம் எண்ணை நான்காகப் பகுத்து மூன்று பங்கை எடுத்தால் 59421121885698253195157962752. பின்னம் ஏதும் எஞ்சவில்லை. ஆயினும் மூன்றால் பெருக்கியதால் இது வர்க்கமும் அன்று, கனமும் அன்று, தாரை மாறிவிட்டது.

இத்துணைப் பெரிய எண், எண் வகைகளுள் எங்கே நிற்கிறது? சங்கியாதம், அசங்கியாதம், அனந்தம் என மூன்று பெரும் பிரிவு. சங்கியாதம் மூன்று வகை, அசங்கியாதம் ஒன்பது, அனந்தம் ஒன்பது, ஆக இருபத்தொன்று. ஒன்று என்பது எண்ணிக்கையில் சேராது. இரண்டே மிகச் சிறிய சங்கியாதம். மூன்று முதல் இடைப்பட்ட சங்கியாதம். நம் இருபத்தொன்பது இலக்க எண்ணும் அந்த இடைப்பட்ட சங்கியாதத்திலேயே மூன்றோடு உடன் அமர்ந்திருக்கிறது! திலோயபண்ணத்தி கூறும் அசலாத்மம் 150 இலக்கம். சுவேதாம்பர மரபின் சீர்ஷப்பிரகேளிகை 194 இலக்கம். அவையும் அதே வரிசையில்தான்.

இப்போது பிள்ளையின் வினாவுக்கு வருவோம். அந்த வினாவை முதலில் எழுப்பியவர் இக்காலப் பள்ளி மாணவர் அல்லர், வீரசேனாசாரியரே எழுப்பினார். புஷ்பதந்தரும் பூதபலியும் அருளிய ஷட்கண்டாகமத்தின் சூத்திரம், பரியாப்த மனிதர் தொகைக்கு எல்லை மட்டுமே வகுக்கிறது: கோடியைக் கோடியால் பெருக்கி மீண்டும் கோடியால் பெருக்கியதற்கு மேல், நான்கு கோடிகளைப் பெருக்கியதற்குக் கீழ், ஆறாம் வர்க்கத்துக்கு மேல், ஏழாம் வர்க்கத்துக்குக் கீழ். ஐந்தாம் ஆறாம் வர்க்கங்களின் பெருக்கமே அத்தொகை என்று சிலர் கொண்டனர். வர்க்க எல்லைகளுக்கு இடையே அது அடங்குகிறது, மெய்தான். ஆனால் நான்கு கோடிகளின் பெருக்கம் என்பது 1க்குப் பின் 28 பூச்சியம். அதுவும் இருபத்தொன்பது இலக்கமே. நம் எண் அதைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு! இலக்கங்களின் எண்ணிக்கை ஒத்திருப்பதால் கண் ஏமாறும், கணக்கு ஏமாறாது. வீரசேனர் இதனைக் கண்டார். அத்துடன் நில்லாமல், மனிதர் வாழும் இரண்டரைத் தீவின் பரப்பைக் கணக்கிட்டு, இத்தொகையினர் அதில் அடங்கார் என்று காட்டி அக்கருத்தை மறுத்தார்.

அவர் வழியில் நாமும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டரைத் தீவின் விட்டம் 45 லட்சம் யோசனை. பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கிச் சுற்றளவு 1,42,30,249 யோசனை. விட்டத்தின் கால்பங்கால் அதனைப் பெருக்கப் பரப்பு 16009030125000 சதுர யோசனை. ஒரு யோசனை நான்கு குரோசம். ஒரு குரோசம் 2,000 வில். ஒரு வில் நான்கு முழம். ஆக யோசனைக்கு 32,000 முழம். தீவுகளை அளக்கும் பிரமாண யோசனை அதைப்போல் 500 மடங்கு. இந்தப் பெரிய யோசனையையே கொள்வோம்; கடல், மலை, ஆறு எதையும் கழிக்க வேண்டா. அப்போதும் சதுர முழம் ஒன்றுக்குப் பத்தொன்பது பேர் நிற்க வேண்டும். ஒரு முழச் சதுரத்தில் இருவர் நின்று பாருங்கள்.

இங்கே நாம் சற்றுத் தங்க வேண்டும். வீரசேனர் எளிய உரையாசிரியர் அல்லர். 72,000 சுலோக அளவுள்ள தவளையை ஆக்கியவர். சூத்திரத்தின் ஓர் எழுத்தையும் விடாது போற்றியவர். அத்தகையவர், மரபில் வழங்கிய ஒரு தொகையைச் சூத்திரத்தோடு வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. நிலப்பரப்போடு வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்று எழுதியும் வைத்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, அதே ஆகமக் கடலைக் கடைந்தெடுத்த நேமிசந்திரர், மரபுத் தொகையையே காதையில் அமைத்தார். ஒருவர் மறுத்ததையும் மற்றவர் ஏற்றதையும் நம் சங்கம் அழிக்கவில்லை. இரண்டு நூல்களையும் ஒரே பெட்டகத்தில் வைத்துக் காத்தது. மூடபித்ரியின் ஓலைகளிலிருந்து தவளை வெளிவந்து 1939 முதல் அச்சேறிய பிறகு, லக்னோவின் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங் இப்பகுதியை எடுத்துக்காட்டி எழுதியதால் கணித உலகமும் இதனை அறிந்தது. நம் வீடுகளில்தான் இது பேசப்படுவதில்லை. 'ஆகமத்தில் எழுதியிருக்கிறது, கேட்காதே' என்று பிள்ளையை அடக்குவோர், வீரசேனரையும் சேர்த்தே அடக்குகின்றனர் என்பது எம் கருத்து.

அப்படியாயின் மனிதத் தொகையைப் பற்றிய ஆகம வாக்கு என்னாவது? அது எதற்காகச் சொல்லப்பட்டது என்று பார்த்தால் கலக்கம் நீங்கும். குடிமதிப்பு எடுப்பது ஆகமத்தின் நோக்கமன்று. உயிர்களின் தொகை கூறும் பகுதியை அடுத்து வருவது அல்பபகுத்துவம். எவர் குறைவு, எவர் மிகுதி என்னும் ஒப்பீடு. மனிதர் எல்லாரினும் குறைவு. நரகர் அவரினும் அசங்கியாத மடங்கு. தேவர் நரகரினும் அசங்கியாத மடங்கு. சித்தர் அனந்த மடங்கு. விலங்கு, புல், பூண்டு, நிகோதம் உள்ளிட்ட திரியஞ்சர் அவரினும் அனந்த மடங்கு. சர்வார்த்தசித்தித் தேவர் போன்ற சில சிறு பிரிவினர் நீங்கலாக, எண்ணி முடிக்கத்தக்கவர் பரியாப்த மனிதரே. தொகை இருபத்தொன்பது இலக்கமாக இருப்பினும், வீரசேனர் கொண்ட எல்லைக்குள் அதனினும் குறைவாக இருப்பினும், நாம் கண்ணால் காணும் பத்து இலக்கமாகவே இருப்பினும், இந்த ஒப்பீட்டில் ஓர் அணுவும் மாறாது. எவ்வாறாயினும் அது சங்கியாதம். பைல் நாட்டுக் களத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளினால் அதிலுள்ள நிகோத உயிர்கள் அனந்தம். அதை அள்ளும் கையை உடையவர் எண்ணில் அடங்கியவர். மகாவிரதம் ஏற்பதும், சமிதி குப்திகளைக் காப்பதும், வினைகளை முற்றக் கழித்து வீடு பெறுவதும் இந்தச் சிறு தொகையினர்க்கே கூடும். தேவர்க்கும் அது கூடாது.

சிறு தொகை என்றவுடன் நம் தொகையும் நினைவுக்கு வருகிறது. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியாவில் சமணர் 44,51,753 பேர். தமிழ்நாட்டில் 89,265 பேர். அவர்களுள் தமிழ்ச் சமணர் ஒரு பகுதியினரே, வடபுலத்திலிருந்து வந்து தங்கிய அன்பர்களும் அதில் அடங்குவர். ஐந்து இலக்கம். அதுவும் ஒற்றை எண்; ஒரு முறைகூடப் பாதியாக்க இயலாது. இருபத்தொன்பது இலக்கத்தைக் காதையில் காத்துவைத்த மரபின் பொறுப்பு இந்த ஐந்து இலக்கத்தில் ஒரு பகுதியினர் கையில் இருக்கிறது.

வரும் தசலட்சண நாட்களில் ஜீவகாண்டம் வாசிக்கும் ஊர்களில், மனிதத் தொகைப் பகுதி வரும் நாளன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பலகையும் சுண்ணக்கட்டியும் கொடுங்கள். பெரியவர் காதையை எழுத்தெழுத்தாகச் சொல்லட்டும். பிள்ளைகள் வலமிருந்து இடமாக இலக்கங்களை எழுதட்டும். பிறகு கூட்டிப் பார்த்து 127 வருகிறதா என்று சோதிக்கட்டும். அதன்பின் வீரசேனரின் மறுப்பையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். சதுர முழக் கணக்கை அவர்களே போடட்டும். மூத்த பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். ஐயம் எழுப்பும் பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துங்கள்.